வலியைக் கேட்டு வரச் சொன்ன வகுப்பு

எங்கள் பள்ளியில் அறிவாளிகளைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தது நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது. 'திறன்மிகு மாணவர்கள்' என்று அதற்குப் பெயர். ஒரு பரீட்சை வைத்தார்கள். வரிசையாகப் படங்களைக் கொடுத்து அடுத்து என்ன படம் வரும் என்று கேட்கிற பரீட்சை. அதில் தேறியவர்கள் சனிக்கிழமையும் பள்ளிக்கு வர வேண்டும், தேறாதவர்கள் வீட்டில் தூங்கலாம் என்றார்கள். இதில் யார் அறிவாளி என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது.

பந்தலூர்ப் பக்கம், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கிற அரசுப் பள்ளி அது. பாதிப் பேர் என்னைப் போல லயத்துப் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வளர்கிறவர்கள். மீதிப் பேர் கடைக்காரர்கள், சிறு விவசாயிகளின் பிள்ளைகள். மழைக்காலத்தில் தகரக் கூரை போடுகிற சத்தத்தில் பாடம் கேட்காது. யானை ரோட்டில் நின்றால் அன்றைக்கு முதல் பாடவேளை கிடையாது. இந்தப் பள்ளியில் கண்டுபிடிப்பாளர்களை உருவாக்கப் போகிறோம் என்று வந்து நின்றார் எங்கள் அறிவியல் டீச்சர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், கூடலூரில் அறை எடுத்துத் தங்கி தினமும் பஸ்ஸில் வந்து போனார். எல்லாரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்.

எனக்கு அந்த வகுப்பு மிகவும் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுகிற மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். முதல் சனிக்கிழமை டீச்சர் ஒரு உடைந்த குடையைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, இதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கேட்டார். ஒருத்தன் தொரட்டி என்றான், ஒருத்தி ஒட்டடைக் கம்பு என்றாள். துணியைக் கழற்றிப் பை தைக்கலாம், கம்பிகளைப் பிரித்துப் பாகற்கொடிக்குப் பந்தல் போடலாம் என்றேன் நான். இன்னொரு வாரம் சம்பந்தமே இல்லாத இரண்டு பொருள்களைச் சேர்த்து ஒன்றாக்கச் சொன்னார். செருப்பையும் டார்ச்சையும் சேர்த்தோம். பழைய செய்தித்தாளில் பாலம் கட்டி அதன் மேல் செங்கல் வைத்தோம். வழக்கமாக ஒரு கேள்விக்கு ஒரே பதில்தான் என்று அடி வாங்கி வளர்ந்த எங்களுக்கு, எந்தப் பதில் சொன்னாலும் "அப்பறம்? இன்னொண்ணு சொல்லு கண்ணு" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பது விருந்து சாப்பிட்டதுபோல இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை அந்த வீட்டுப்பாடத்தைக் கொடுத்தார்.

"வெளையாட்டு போதும். இனி நெசமாலுமே ஒண்ணு செய்யலாம். உங்க ஊட்டுல இருக்கறவங்ககிட்டப் போயி, ஒடம்புல எங்க வலிக்குதுன்னு கேட்டுட்டு வாங்க. அந்த எடத்துக்கு என்ன செய்யலாம்னு யோசிப்போம்."

அடுத்த வாரம் ஆளுக்கொரு வலியோடு வந்தோம். மளிகைக்கடைக்காரர் மகள் அப்பாவின் முழங்காலைக் கொண்டுவந்தாள். ஒருத்தன் அண்ணனின் பல்வலியைச் சொல்ல, அதற்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம், டாக்டரிடம் போகச் சொல் என்று டீச்சர் சிரித்தார். லயத்துப் பிள்ளைகள் நாங்கள் எல்லாரும் ஒரே இடத்தைச் சொன்னோம். தோள்பட்டை. அவரவர் அம்மாவுடைய தோள்பட்டை.

நான் அம்மாவிடம் கேட்டபோது அவள் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னா கேள்வி புள்ள இது? எங்க வலிக்கலன்னு கேளு, சுருக்காச் சொல்லிப்புடலாம்" என்றாள்.

அவள் இளம்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தபோது கொழுந்தைக் கையால் கிள்ளினார்கள். பிறகு ஆள் குறைந்து கத்திரி வந்தது. தோட்டத்துக் கத்திரி தையல் கத்திரி மாதிரி இல்லை. முழங்கை நீளத்துக்கு இரும்பு, வெட்டுகிற அலகின் மேலேயே ஒரு தட்டு. வெட்டின கொழுந்து அந்தத் தட்டில் விழும். தட்டு நிறைய நிறைய பாரம் கூடும். இரண்டு கையையும் முன்னால் நீட்டி அதைத் தாங்கிக்கொண்டே வெட்டி, முதுகில் கட்டிய சாக்கில் தோளுக்கு மேலாகக் கொட்ட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே வேலை. அம்மாவால் கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாமல் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அவளுக்கு நான்தான் தலை பின்னி விடுவேன்.

அப்பா திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். அம்மாவின் தோள் என்பது வெறும் தோள் இல்லை, எங்கள் வீடும் அதுதான். லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிற அறையைக் காம்பிரா என்போம், இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த சொல். வேலையில் பேர் இருந்தால்தான் காம்பிரா. கத்திரி பிடிக்க முடியாது என்று ஆகிவிட்டால் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அம்மாவுக்கு ராத்தூக்கம் கெட்டது வலியால் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆகவே நான் செய்தேன். பழைய புத்தகப்பையின் வார்களை அறுத்தெடுத்து முதுகில் குறுக்காகப் போகிற மாதிரி தைத்தேன். பஞ்சர் கடையில் கெஞ்சி வாங்கின சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி வாரில் கோத்து, அதன் நுனியில் வாளிப் பிடியை வளைத்து ஒரு கொக்கி மாட்டினேன். கொக்கியில் கத்திரி தொங்கும். கை வெட்டினால் போதும், பாரத்தை இடுப்பும் முதுகும் ஏற்றுக்கொள்ளும். முதலில் செய்தது அம்மாவின் கழுத்தை அறுத்தது. இரண்டாவதில் ட்யூப் தெறித்து அவள் கன்னத்தில் பளாரென்று விழுந்தது. "பெத்தவளுக்குக் குடுக்குற மரியாதையா இது?" என்று சிரித்துக்கொண்டே கன்னத்தைத் தேய்த்துக்கொண்டாள். மூன்றாவது சரியாக வந்தது. டீச்சர் அதற்கு 'தாய்த்தோள்' என்று பெயர் வைத்தார். கண்டுபிடிப்பு என்றால் பெயர் வேண்டுமாம். நானும் அம்மாவும் பட்டை என்றுதான் சொன்னோம்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் நான் எழுந்தபோது அம்மா ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துத் தானே தலை பின்னிக்கொண்டிருந்தாள். கை காதுக்கு மேலே இருந்தது. நான் போர்வைக்குள்ளேயே படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன், எதுவும் அதற்கு ஈடாகவில்லை.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாவட்டக் கண்காட்சி என்று ஒன்று இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன் கொழுந்து நிறுக்கிற வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு இவ்வளவு கிலோ என்று தோட்டத்தில் ஓர் அளவு வைத்திருப்பார்கள். அதை எட்டினால் முழுப் பேர், அதாவது அன்றைய முழுச் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நிறுவைக்கு முன்னால், மேஸ்திரி வருவதற்குள், அதிகம் பறித்தவள் தன் சாக்கிலிருந்து அள்ளிக் குறைந்தவள் சாக்கில் போட்டுவிடுவாள். பிள்ளைத்தாய்ச்சி, காய்ச்சல்காரி, வயதானவள் யாருக்கும் அரைப் பேர் விழாது. அதைவிட முக்கியமாக, யாருடைய சாக்கும் அளவுக்கு மேல் பெரிதாகத் தாண்டாது. ஒருத்தி தாண்டினால் நாளைக்கு எல்லாரையும் தாண்டச் சொல்வார்கள் என்பது அவர்களுக்குப் பாலர் வகுப்புப் பாடம். பிடிபட்டால் வேலை போகும். ஆனாலும் யாரும் நிறுத்தவில்லை. எங்கள் பக்கத்துக் காம்பிரா அக்காவுக்கு இளைப்பு நோய். பனிக்காலத்தில் அவள் முழுப் பேர் வாங்கியது முக்கால்வாசி அடுத்தவர் கொழுந்தில்தான். அதில் பெரும்பங்கு அம்மாவுடையது.

கண்காட்சிக்குப் போகிற கண்டுபிடிப்புக்குப் 'பயன்' என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டியிருந்தது. அம்மாவின் வலி குறைந்தது என்று நான் எழுதியிருந்தேன். டீச்சர் உதட்டைப் பிதுக்கினார்.

"வலி கொறஞ்சுதுன்னா நடுவருங்க ஒத்துக்க மாட்டாங்க கண்ணு. எவ்வளவு கொறஞ்சுதுன்னு கேப்பாங்க. வலியை எதுல அளக்கறது? அளக்கற மாதிரி ஒண்ணு வேணும்."

"வேற என்ன டீச்சர் இருக்கு?"

"அம்மா ஒரு நாள் பட்டை இல்லாம பறிக்கட்டும். அடுத்த நாள் பட்டை போட்டுப் பறிக்கட்டும். ரெண்டு நாள் நிறுவையும் எழுதிட்டு வா. படம் போட்டுக் காட்டலாம்."

அம்மாவிடம் சொன்னேன். எப்போதும் பறிக்கிற மாதிரியே பறி என்றும் சொன்னேன். "சரி புள்ள" என்றாள். முதல் நாள் நிறுவை வழக்கமானதுதான். இரண்டாம் நாள் சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா அடுப்புக்கூடப் பற்ற வைக்காமல் சாக்கு விரிப்பில் மல்லாந்து கிடந்தாள். கண்ணைத் திறக்காமலே நிறுவையைச் சொன்னாள். ஏறக்குறைய இரண்டு ஆள் கொழுந்து. மேஸ்திரி தராசு கெட்டுவிட்டதோ என்று திரும்பவும் நிறுத்துப் பார்த்தாராம்.

"போயி ஒங்க டீச்சரம்மாகிட்டச் சொல்லு. தோட்டத்துப் புள்ள செஞ்சது தோக்காது" என்றாள்.

கண்காட்சி ஊட்டியில். நடுவட்டம் ஏறுகிற வளைவுகளில் நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன், பட்டையை மட்டும் மடியை விட்டு இறக்கவில்லை. பெரிய மண்டபம். தண்ணீர் தெளிக்கிற ரோபோ, குப்பை பிரிக்கிற பெட்டி, கைதட்டினால் எரிகிற விளக்கு. கோட்டுப் போட்ட தனியார் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் விளக்கினார்கள். நடுவர்கள் என் மேசைக்கு வந்ததும் பட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு நாள் நிறுவைக்கும் டீச்சர் வரைந்த இரண்டு கம்பங்களிடம் போய்விட்டார்கள். ஒரு கம்பம் குட்டை, இன்னொன்று நெட்டை. அந்த நெட்டைக் கம்பம்தான் பரிசை வாங்கியது.

பரிசு கொடுக்க வந்த விருந்தினர்களில் எங்கள் தோட்டத்துத் துரையும் இருந்தார். மானேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம். வெள்ளைக்காரன் போனாலும் அந்தச் சொல் போகவில்லை. அவர் நல்லவர், சத்தம் போட மாட்டார். கம்பங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நிஜமா நிறுத்த அளவா?"

"ஆமாங்க சார். எஸ்டேட் தராசுலயே நிறுத்ததுங்க" என்றார் டீச்சர் பெருமையாக.

"நல்லது. ரொம்ப நல்லது" என்று துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோ எடுத்தார்கள். அதில் நான் வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன்.

அரையாண்டு விடுமுறை முடிவதற்குள் பட்டைகள் வந்துவிட்டன. காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் போகுமுன் எல்லாரும் வரிசையாக நிற்கிற களத்தில், பச்சை நிறத்தில் கட்டுக்கட்டாக இறக்கினார்கள். அம்மா மறந்துவிட்டுப் போன மழைத்தாளைக் கொடுக்க நான் போயிருந்தேன். ஒரு பட்டையை வாங்கித் தடவிப் பார்த்தேன். நைலான். ரப்பர் இல்லை, இழுத்தால் நீளாது. கத்திரியின் பாரம் அப்படியே கழுத்தில் தொங்கும். சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் துரை பேச ஆரம்பித்துவிட்டார். நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்று மாவட்டத்துக்கே பெருமை சேர்த்திருக்கிறது, எல்லாரும் கை தட்டுங்கள் என்றார். தட்டினார்கள். பிறகு வரும் திங்கள் முதல் புதிய அளவு என்று சொன்னார். பழைய அளவுக்கும் அம்மா நிறுத்ததற்கும் நடுவில் ஓர் எண்.

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. துரை கோபப்படவில்லை.

"இந்த பெல்ட் போட்டா தோள் வலிக்காது, கொழுந்தும் கூட வரும்னு உங்க பிள்ளைதான் சொல்லியிருக்கா. நான் சொல்லல" என்றார்.

அத்தனை பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மழைத்தாளை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு லயத்துக்கு ஓடி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். வலிக்கிறது என்றாள், வலிக்காமல் இருக்க ஒன்று செய்தேன். அதைக் கொழுந்துக் கணக்காக மாற்றியது நான் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். நான் பிடித்தது பிள்ளையார்தான், குரங்காக்கினது வேறு ஆட்கள்.

யூனியன்காரர்கள் ஒரு நாள் கொடி பிடித்தார்கள். அடுத்த வாரம் தொழிலாளருக்கு இலவசப் பட்டை வாங்கிக் கொடுத்தது தாங்கள்தான் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

புதிய அளவு வந்ததும் முதலில் செத்தது கொழுந்து மாற்றுகிற வழக்கம். யாரிடமும் மிச்சம் இல்லை, எதை அள்ளிக் கொடுப்பது? பக்கத்துக் காம்பிரா அக்காவுக்கு அரைப் பேர் மேல் அரைப் பேராக விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இளைக்கிற சத்தம் விடிகிற வரை கேட்கும். ஒரு ஞாயிறு கைக்காசு வேலைக்கு, அதாவது தனிக்கூலிக்கு, அம்மாவோடு நானும் போனேன். நிறுவைக்கு முன்னால் அம்மா தன் சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளிக்கொண்டு அக்காவிடம் போனாள். அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் தன் சாக்கை இழுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். அம்மா திரும்பி வந்து கொழுந்தைத் தன் சாக்கிலேயே போட்டாள். எங்கள் மேல் அக்காவுக்கு அவ்வளவு கசப்பு என்று நினைத்துக்கொண்டு, வீடு வந்து சேரும்வரை நான் தலை நிமிரவில்லை.

டீச்சரிடம் சொன்னேன். மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு துரையின் ஆபீசுக்கு வந்தார். துரை எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். தூள் விலை கிடையாது, ஆள் கிடையாது, பக்கத்துத் தோட்டங்கள் எல்லாம் மூடிக்கொண்டிருக்கின்றன என்றெல்லாம் பொறுமையாக விளக்கினார். டீச்சர் "ஒரே ஒரு நாள் நிறுத்ததுங்க சார் அது. அதை வெச்சு எல்லாருக்கும் எப்படிங்க?" என்று கேட்டார். "ஒரு நாள் முடிஞ்சதுன்னா தினமும் முடியும்தானே மேடம்? நீங்க சயின்ஸ் டீச்சர்" என்றார் அவர். டீச்சர் டீயைக் குடிக்காமலே எழுந்தார். வெளியே வந்து தேயிலை ஓரமாக நடந்தபோது, மாநிலப் போட்டிக்கு வேறொரு நல்ல படமாகப் போட்டுக்கொண்டு போகலாம், என் எதிர்காலத்தை விட்டுவிடக் கூடாது என்று ஏதோ சொன்னார். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரம் நியாயமா என்று இப்போதும் தெரியவில்லை. அடுத்த கல்வி ஆண்டில் அவர் மாறுதல் வாங்கிக்கொண்டு சமவெளிக்குப் போய்விட்டார். சனிக்கிழமை வகுப்பும் அவரோடு போயிற்று.

அம்மாவின் தோள் அடுத்த மழைக்காலத்தில் போனது. வெட்டிக்கொண்டிருக்கும்போதே துணி கிழிகிற மாதிரி உள்ளே ஏதோ கேட்டதாம். கூடலூர் ஆஸ்பத்திரியில் தசை கிழிந்திருக்கிறது, கையை அசைக்காமல் ஓய்வு எடுக்க வேண்டும் என்றார்கள். ஓய்வு என்ற சொல்லை அந்த டாக்டர் அத்தனை சாதாரணமாகச் சொன்னார். அம்மா கட்டுப் போட்டுக்கொண்டே கொஞ்ச நாள் போனாள். அரைப் பேர்கூட வரவில்லை. கடைசியில் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். காம்பிராவைக் காலி செய்த அன்று அப்பா திருப்பூரிலிருந்து வந்து சாமானை ஜீப்பில் ஏற்றினார். லயத்தில் மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்கா மட்டும் உடம்பு முடியாமல் வீட்டில் இருந்தாள், வாசலில் வந்து நின்றாள். ஜீப் திரும்புகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றிருந்தாள். அடுத்த பனிக்காலத்தை அவள் தாண்டவில்லை என்று பிறகு யாரோ போனில் சொன்னார்கள்.

திருப்பூரில் அம்மா பனியன் கம்பெனியில் உட்கார்ந்து இடது கையால் பிசிறு வெட்டினாள். நான் படித்தேன். படிப்பு எனக்கு வந்தது, அதை மட்டும் யாரும் நிறுக்கவில்லை. அப்பா போன பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டாள். இப்போது அரவேணுப் பக்கம் ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. மலைக்கே திரும்பி வந்தாயிற்று. தேயிலையைப் பார்த்தால் எல்லாரும் அழகு என்கிறார்கள், எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இந்த ஆண்டு எங்கள் பள்ளிக்கும் சுற்றறிக்கை வந்தது. திறன்மிகு மாணவர்களைத் தேர்ந்தெடுத்துக் கண்டுபிடிப்புச் செயல்பாடுகள் நடத்த வேண்டும். தலைமையாசிரியர் நேராக என் மேசைக்கு வந்து, "நீங்கதான் மாவட்டத்துல பரிசு வாங்கினவங்களாச்சே, உங்களைவிட்டா யாருங்க?" என்றார். மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் எட்டாம் வகுப்பில் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் கழற்றிப் பார்க்கிறவர்கள். அவர்களுக்காக ஒத்துக்கொண்டேன். உடைந்த குடை கொடுத்தேன், செய்தித்தாள் பாலம் கட்டச் சொன்னேன். வலியை மட்டும் கேட்டு வரச் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, வெயில் அடித்ததால் துணி துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சு அந்த வகுப்பைப் பற்றித் திரும்பியது.

"ஒன்னோட பட்டையைச் சொல்லிக் குடுத்தியா அதுங்களுக்கு?" என்றாள்.

"இல்ல."

"நல்லது. அந்தக் கொக்கி நிக்காது புள்ள."

"எந்தக் கொக்கி?"

அம்மா வாளியில் கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டாம் நா நிறுவைக்குப் போனேன்ல, அன்னைக்கு. மொத தேயிலை நெரையிலயே கொக்கி ஒடஞ்சிருச்சு. கட்டிப் பாத்தேன், நிக்கல. ராத்திரி நீ தூங்குன பொறவுதான் வேற கம்பிய வளச்சு மாட்டி வச்சேன். பட்டை இல்லாம வெறுங்கையில தாங்கி எவ்வளவு பறிக்க ஏலும்? மத்தியானத்துல ஒக்காந்து அழுதுட்டேன். எம்புள்ள தோத்துப்போயிரும்னு."

நான் கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமல் நின்றேன்.

"பக்கத்து நெரையில நம்ம பக்கத்துக் காம்பிரா அக்கா பாத்துச்சு. எந்திரிச்சு வந்து அவ சாக்குல இருந்து அள்ளி எஞ்சாக்குல போட்டுச்சு. அப்பறம் மத்தவளுகளுக்கும் சொல்லிருச்சு. எல்லாரும் வந்து ஆளுக்குக் கொஞ்சம் கொட்டுனாளுக. நம்ம லயத்துப் புள்ள ஜெயிச்சு வரட்டும்னு. அன்னைக்கு அவளுகள்ல பாதிப் பேருக்கு அரைப் பேருதான்."

"அப்ப அந்த நிறுவை?"

"எல்லார் கொழுந்தும்தான்."

துரை அளவை ஏற்றினபோது இதைச் சொல்லியிருக்கலாமே, யாராவது ஒருத்தர் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"எப்புடிச் சொல்றது? கொழுந்து மாத்துனதுன்னு தெரிஞ்சா எல்லாருக்கும் வேலை போயிரும். ஒன்னையும் கள்ளப் பரிசு வாங்குனவளுன்னு சொல்லுவானுக. அக்காதான் வேணாம்னுச்சு. புள்ள பேரு கெட்டுரும், வாயத் தொறக்காதீங்கடின்னுச்சு." அம்மா ஒரு கிளிப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நான் கொழுந்து கொண்டு போனா வாங்க மாட்டேன்னுருச்சுல்ல. ஒனக்கே பத்தாது, கையும் சரியில்லன்னு பொறவு சொல்லுச்சு."

நான் கிளிப்பை வாங்கவில்லை. அத்தனை பெண்களும் பெரட்டில் திரும்பி என்னைப் பார்த்தார்களே, அந்தப் பார்வையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு லயத்துப் பெண்கள் மொத்தமும் சேர்ந்து ஒரு பிள்ளைக்காகக் கொட்டிய கொழுந்து அது. அதை ஒருத்தி பறித்ததாக எழுதி, அதிலிருந்து எடுத்த எண்ணை ஒவ்வொருத்தி தலையிலும் வைத்தார்கள். அந்தத் தோட்டத்தில் இன்றைக்கும் அந்த அளவுதான்.